இன்ஸ்பெக்டரின் ஐந்தாவது சோதனை

ஷார்ப்னரைத் தண்ணீர்ப் புட்டிக்குள் போட்டு, மூடியைத் திருகி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். இரும்பு மூழ்கும், பிளாஸ்டிக் மிதக்கும் என்று டீச்சர் இப்போதுதான் சொல்லி முடித்தார். பாதி இரும்பும் பாதி பிளாஸ்டிக்குமான சாமான் என்ன செய்யும் என்று அவர் சொல்லவில்லை. ஷார்ப்னர் தலைகுப்புற அடியில் போய் உட்காருகிறது.

"முங்கிடுச்சு டீச்சர். இரும்பு ஜெயிச்சிடுச்சு."

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று கேட்டால் வகுப்பு முழுக்கக் கை தூக்குகிறது. எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அவள் தலையாட்டுவதில்லை. "பாத்துட்டு சொல்றேன் டீச்சர்" என்பாள். சொன்னபடி பார்ப்பாள், பார்த்தபடி சொல்வாள். சிலந்திக்கு எட்டுக் கால் என்று பாடம் நடந்த மறுநாள், படிக்கட்டுக்கு அடியில் ஒரு சிலந்தியை எண்ணிவிட்டு வந்தாள். "ஏழுதான் இருக்கு. ஒண்ணை எங்கியோ விட்டுட்டு வந்திருக்கு."

உயரம் குறைவு. காலர் பொத்தானைக் கழுத்து வரை பூட்டியிருப்பாள். இரட்டைச் சடை இரண்டும் விறைத்து நிற்கும். அம்மா ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள், விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அதனால் சடை பின்னுவது பஸ் கண்டக்டரான மாமா. பஸ் கூரையில் மூட்டை கட்டுகிற கை அது. "வலிக்குது மாமா" என்றால், "வலிச்சாத்தான் சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்பார்.

டீச்சர் இந்தப் பருவத்தில்தான் மாற்றலாகி வந்தவர். உயிருள்ளவை, உயிரற்றவை பாடத்துக்காகக் கரும்பலகைக்கு மேலே இரண்டு கயிறுகளைக் கட்டினார். இடது கயிறு உயிருள்ளவற்றுக்கு, வலது கயிறு மற்றவற்றுக்கு. பிள்ளைகள் படம் வரைந்துவந்து துணி கிளிப்பால் மாட்ட வேண்டும். நகரும், உண்ணும், சுவாசிக்கும், வளரும், உணரும் என்று பலகையில் எழுதிப்போட்டார். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் லாரி படத்தோடு எழுந்து வந்தான்.

"டீச்சர், லாரி ஓடுது, டீசல் குடிக்குது, பொகை விடுது. இடது பக்கம்தானே?"

"வளருதாடா?"

"எங்க சித்தப்பா லாரிக்குப் போன மாசம் பாடி கட்டினாங்க. முன்னவிட பெருசு டீச்சர்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சத்தத்தை அடக்க டீச்சர் மேஜையைத் தட்டினார். "அஞ்சும் இருக்கணும். அதுல ஒண்ணு குறைஞ்சாலும் வலது பக்கம்தான். எழுதிக்குங்க."

எல்லாரும் எழுதினார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் பென்சிலைப் பிடித்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுச் சொல்வதாக அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

அவள் வீட்டு முன்னறையில் ஒரு இரும்புக் கட்டில் இருக்கிறது. அதில் அப்பா படுத்திருக்கிறார். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்தார், தலையில் அடி. கண் திறக்கிறது, மூடுகிறது. அந்தக் கண் யாரையும் பார்ப்பதில்லை. முதல் சில மாதங்கள் அம்மா வேலையிலிருந்து வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் சொல்வாள். அவள் தொண்டை கட்டிக்கொண்ட ஒருநாள் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்கிட்டக்கா பேசிட்டிருக்க? மச்சான் கட்டையாக் கிடக்காரு. அந்த நேரத்துக்கு நீ கொஞ்சம் படுத்தாவது எந்திரிக்கலாம்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, அக்காவின் கண்ணுக்கடியில் விழுந்திருந்த கருமையைப் பார்த்துச் சொன்னார். அம்மா எழுந்து உலை வைக்கப் போனாள். அதன்பின் கட்டில் பக்கத்தில் கதை சொல்வதும் குறைந்து, நின்றுபோனது. கட்டை என்ற சொல் மட்டும் இன்ஸ்பெக்டருக்குள் தங்கிவிட்டது. வகுப்பில் கட்டை தொங்குவது வலது கயிற்றில்.

ஆகவே அவள் சோதித்தாள். மாமாவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி அப்பாவின் மூக்கருகே பிடித்தாள். பனி படர்ந்தது. சுவாசம் சரி. விரல் நகங்களை வாராவாரம் அம்மா வெட்டுகிறாள், ஆகவே வளர்ச்சி சரி. இமை தானாக அசைகிறது, அதை நகர்வதில் சேர்த்துக்கொண்டாள். சாப்பாட்டில்தான் கொஞ்சம் இழுத்தது.

"குழாயில போனாலும் சாப்பாடுதானே மாமா?"

"வாய்ல போனா என்ன, மூக்குல போனா என்ன, வயித்துக்குத்தானே போகுது."

ஐந்தாவதான உணர்வுதான் பிடிபடவே இல்லை. பாதத்தில் ஐஸ் கட்டி வைத்தாள். கோழி இறகால் வருடினாள். அப்பா எப்போதும் விழுந்து விழுந்து சிரிக்கும் யானை ஜோக்கை முழுவதும் சொன்னாள். முகத்தில் ஒன்றுமில்லை. ஒருநாள் மாமா பார்த்துவிட்டார்.

"என்னடி பண்ற?"

"பரீட்சை வைக்கிறேன்."

"பாஸா, பெயிலா?"

"நாலு பாஸ். ஒண்ணு தெரியல."

பக்கத்தில் உட்காரும் சிநேகிதி ஒரு வழி சொன்னாள். "குண்டூசியால லேசாக் குத்திப் பாரு. தெரிஞ்சிடும்."

"வலிக்குமே" என்றாள் இன்ஸ்பெக்டர்.

படம் மாட்டும் முறை அவளுக்கு வந்தது. டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். நாலு கால், கம்பிகள், மேலே வெள்ளைப் போர்வை. "கட்டிலா? நல்லா வரைஞ்சிருக்கியே! வலது பக்கம் மாட்டும்மா."

"கட்டில் இல்ல டீச்சர்."

முன்வரிசைப் பிள்ளை எட்டிப் பார்த்தது. "மேல ஆள் படுத்திருக்காரு டீச்சர்!"

"அட, தூங்குறாரா? அப்போ இடது பக்கம்."

"தூங்கல. எங்கப்பா. நாலுதான் இருக்கு, அஞ்சாவது தெரியல."

சாக்பீஸ் பிடித்த கை இறங்கியது. அவள் அப்பாவைப் பற்றி டீச்சருக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "டீச்சர் அவசரத்துல சொல்லிட்டேன்டா கண்ணு. அந்த அஞ்சு கணக்கெல்லாம் மனுஷங்களுக்கு இல்ல. உனக்கு எங்க தோணுதோ அங்க மாட்டு" என்றார்.

"தோணுற இடத்துல மாட்டக் கூடாது டீச்சர்." தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று மாலை மாமா பணி முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல அப்பாவை இடப்பக்கமாகத் திருப்பினார். கனமான வேலை. ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு. மூச்சு வாங்கியது. அவள் கட்டில் காலைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"ஏன் மாமா தினம் திருப்புறீங்க?"

"ஒரே பக்கமாக் கிடந்தா முதுகுல புண்ணு வந்துடும்."

"கட்டைக்குப் புண்ணு வருமா மாமா?"

தலையணையை முதுகுக்கு அண்டை கொடுக்கப் போன மாமா அப்படியே நின்றார். அவளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். "வராதுடி" என்றார், குரலே எழாமல். தலையணையை வைத்துவிட்டு, முகம் கழுவுவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

இன்ஸ்பெக்டர் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் வந்தாள். அப்பாவின் இடுப்புக்கடியில் விரிப்பு ஒரு மடிப்பாகச் சுருண்டு கிடந்தது. சின்னக் கையை உள்ளே நுழைத்து, மடிப்பைத் தேடிப் பிடித்து, அவருக்கு உறுத்தாதபடி மெல்ல மெல்ல இழுத்து நேராக்கினாள்.