ரெமியின் பன்னிரண்டாவது நாய்

ரெமி பொத்தியே தன் மச்சான் ஃபிலியாஸுக்கு அறுபது டாலர் கடன்பட்டிருந்தார். யார்மத் நகரத்திலிருந்து வந்துபோன டாக்டருக்கு முப்பத்தெட்டு, சவப்பெட்டிக்கும் குழி வெட்டியவர்களுக்கும் இருபத்திரண்டு. செத்துப்போன மெலானி ரெமிக்கு மனைவி, ஃபிலியாஸுக்குத் தங்கை. சிங்கி இறால் விலை படுத்துக் கிடந்த 1936 மார்ச் மாதம் அது. ரெமியின் தகர டப்பாவில் நான்கு டாலர்தான் இருந்தது.

"திருப்பித் தந்துடறேன்" என்றார் ரெமி, கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே.

"எதை? அவ என் தங்கச்சிய்யா."

"எனக்குப் பொண்டாட்டி."

பேச்சு அதோடு முடிந்தது. ஓடைக்கு இந்தக் கரையில் ரெமி வீடு, அந்தக் கரையில் ஃபிலியாஸ் வீடு, நடுவே நாற்பது எட்டில் கடக்கிற மரப்பாலம். முப்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல் இரண்டு வீட்டு நான்கு பேரும் ஃபிலியாஸ் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறார்கள். கடனை வைத்துக்கொண்டு இன்னொருவன் மேசையில் கை நனைக்கிறவர் இல்லை ரெமி. அந்த மார்ச்சுக்குப் பிறகு அவர் பாலத்தில் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட உப்புச் சதுப்பைச் சுற்றிக்கொண்டு அரை மைல் அதிகமாக நடந்து போனார். சனிக்கிழமைகளில் அந்தக் கரைப் புகைபோக்கியிலிருந்து பகல் முழுக்கக் கனமாகப் புகை வரும். ஃபிலியாஸ் மனைவி ஒதீல் உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து கோழிச்சாறு ஊற்றி ராப்யூர் வேகவைக்கிறாள் என்று அர்த்தம். அன்றைக்கெல்லாம் ரெமி வீட்டுக்குப் பின்புறமே வேலை வைத்துக்கொள்வார்.

ரெமி எப்பேர்ப்பட்ட ஆள் என்று எங்கள் ஊர் லிட்டில் ரிவரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் ரெமியே சொல்வார். ஒன்பது வயதில் அப்பனைக் கடல் கொண்டுபோயிற்று. இரண்டு குளிர்காலம் பள்ளிக்கூடம், அதுவும் அங்கே அடுப்பு எரியும் என்பதற்காக. பத்து வயதில் ஹெரிங் மீனுக்குக் குடல் எடுத்தார். இருபத்திரண்டு வயதில், கரையில் மோதி உடைந்த ஒரு கப்பலின் பலகைகளைத் தோளில் சுமந்துவந்து தானே வீடு கட்டினார். கூரையில் ஒரு ஆணிகூட அடுத்தவன் கொடுத்தது கிடையாது. யாரிடமும் கை நீட்டியது கிடையாது. அதற்கெல்லாம் மேலே, நாய். பதினொரு வாத்து வேட்டை நாய்களைப் பழக்கி விற்றிருந்தார். அதில் நான்கு பாஸ்டன் வரை போயிருந்தன.

"படிச்சவன்கிட்ட நாயை விட்டா அது பேனா பிடிக்கும். வாத்து பிடிக்கணும்னா என்கிட்ட வா" என்பார்.

எங்கள் கரை நாய்க்கு இரண்டு வேலை. சுட்ட வாத்தை நீரிலிருந்து எடுத்துவருவது இரண்டாவது வேலை. அதை எந்த ஊர் நாயும் செய்யும். முதல் வேலைதான் பெரிது. வாத்துக் கூட்டம் துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஆள் மறைப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டு கரையோரமாகக் குச்சியை வீசுவான். நாய் பாய்ந்து போய்க் குச்சியோடு விளையாடும், மறைந்துவிடும், மறுபடி வரும். வாத்துக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி. என்னடா இது என்று கழுத்தை நீட்டிக்கொண்டு தானாகவே கரைக்கு நீந்தி வரும். நாய் குரைக்கக் கூடாது, வாத்தை ஏறிட்டும் பார்க்கக் கூடாது. நிஜமாகவே விளையாட வேண்டும்.

கடன் விழுந்த மறு வருஷம் அக்டோபரில், பாஸ்டனிலிருந்து வேட்டைக்கு வந்த டாக்டர் விட்மோர், ரெமியின் முற்றத்தில் நின்ற ஏழு மாதக் குட்டியைப் பார்த்தார். செந்நிறம், வால் நுனியில் வெள்ளை. இரண்டு பீப்பாய் உப்பு மீன் கொடுத்து வாங்கிய பெட்டை. எங்கள் மொழியில் இலவங்கப்பட்டைக்குக் கனெல் என்று பெயர். அந்த நிறத்துக்காக அதையே குட்டிக்கும் வைத்திருந்தார்.

"அடுத்த அக்டோபர்ல இது வாத்தை இழுத்துட்டு வரணும். வந்தா எழுபத்தஞ்சு டாலர்" என்றார் டாக்டர்.

"வராம எங்க போகும்? பழக்குறது யாரு?"

ரெமி கணக்குப் போட்டுவிட்டார். கடன் தீரும். பாலத்தைத் தாண்டி, தலையை நிமிர்த்திக்கொண்டு போய் ஃபிலியாஸ் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாய்தான். சாப்பாடு வைக்கும்போது தகர மூடியைத் தட்டித் தட்டித் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்கினார். குச்சியில் வாத்து இறகைக் கட்டி, பல் படாமல் கவ்வக் கற்றுக்கொடுத்தார். உட்கார் என்றால் உட்கார வேண்டும். போ என்கிற வரை நகரக் கூடாது. எடுத்ததைக் கையில்தான் வைக்க வேண்டும். பனிக்கட்டி மிதக்கிற நீரில் கனெல் இறங்கினாள், முனகவில்லை. வீட்டில் வேறு பேச்சு கிடையாது. "உட்கார்", "போ", "கொடு". காலையிலிருந்து படுக்கும் வரை அந்த வீட்டில் கேட்ட மனிதக் குரல் இந்த மூன்று சொல்தான். மேசைக்கு இருந்த இரண்டு நாற்காலியில் ஒன்றை ரெமி கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். எதிரே காலியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடிக்க முடியவில்லை.

ஜூன் மாதம் கரைக்குக் கூட்டிப்போய் முதல் வேலைக்கு விட்டார். குச்சியை வீசினார். கனெல் போனாள், எடுத்தாள், நேராக வந்து உட்கார்ந்து கையில் வைத்தாள். மறுபடி வீசினார். மறுபடியும் அப்படியே. தபால்காரர் மாதிரி போனாள், தபால்காரர் மாதிரி வந்தாள். வால் ஆடவில்லை. தூரத்தில் மிதந்த வாத்துகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்த் திசையில் போய்விட்டன.

ஜூலையும் ஆகஸ்டும் அதே கதை. குச்சியை மாற்றினார், பந்து வீசினார், பட்டினி போட்டுப் பார்த்தார். கனெல் குறை வைக்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டு அடுத்து என்ன என்று முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் ரெமிக்குத் தாங்கவில்லை. அப்பன் நாய் சரியில்லை என்று முடிவு கட்டினார்.

செப்டம்பரில் கடல் வற்றிய ஒரு மத்தியானம், சேற்றில் குனிந்து மட்டி தோண்டிக்கொண்டிருந்தார். கனெல் வாளிக்குப் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இருபது அடி தள்ளி இன்னொரு ஆள் தோண்டுவதை நிமிர்ந்தபோதுதான் பார்த்தார். ஃபிலியாஸின் மனைவி ஒதீல்.

"கும்பிடு போட்டுட்டு ஓடிறாதீங்கண்ணே. சேத்துல ஓட முடியாது" என்றாள்.

"யாரு ஓடறா?"

"ரெண்டரை வருஷமா சதுப்பைச் சுத்தறீங்களே, அது நடையா?" தோண்டுகிற கொத்தை ஊன்றிக்கொண்டு நாயைப் பார்த்தாள். "இதென்ன, கோயில் சிலை மாதிரி உக்காந்திருக்கு? உடம்பு சரியில்லையா?"

"பழக்கம். சொன்னா கேக்கற நாய்."

"விளையாடுதா?"

ரெமி ஒரு மட்டியை வாளியில் போட்டார். இன்னொன்றையும் போட்டார். "அப்பன் நாய் மட்டம்" என்றார்.

"நாய் மேல பழியைப் போடுங்க."

"இந்தா பாரு ஒதீல், பதினோரு நாய் ஆக்கியிருக்கேன். எனக்கு நீ நாய் சொல்லித் தர வேண்டாம்."

"பதினோரு நாய்க்கும் எடுக்கச் சொல்லித்தந்தது நீங்கதான், யாரு இல்லன்னா? ஆடச் சொல்லித்தந்தது யாரு?"

"அதை யாராவது சொல்லித்தருவாங்களா? தானா வர்றது."

ஒதீல் சிரிக்கவில்லை. "நீங்க இறால் கூண்டைத் தூக்கிட்டுக் கடலுக்குப் போயிருவீங்க. மெலானி துணி காயப்போட வருவா. ஒரு துணி போடுவா, கையுறையைக் கழட்டி வீசுவா. குட்டி அதைத் தூக்கிட்டு ஓடும், இவ பின்னாலயே ஓடுவா. பத்துத் துணி காயப்போட மத்தியானம் ஆகும். நான் எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு பார்த்துச் சிரிச்சு எத்தனை தடவை பாலைப் பொங்கவிட்டிருக்கேன். உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

ரெமிக்குத் தெரியாது. கையுறை கிழிந்திருக்கிறதே என்று ஒவ்வொரு குளிர்காலமும் அவளைத் திட்டியது மட்டும் ஞாபகம் இருந்தது. நூலுக்குக் காசு யார் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். அவள் உட்கார்ந்து இழை ஓட்டித் தைப்பாள்.

"கடல் ஏறுது" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்தக் கையுறைகள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. சிவப்புக் கம்பளி, கட்டைவிரல் பக்கம் தையல் மேல் தையல். இரண்டு நாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ஒன்றை எடுத்து உள்ளே பழந்துணி அடைத்து, யாரும் வராத தென்முனைக் கரைக்குப் போனார். அறுபத்தொரு வயது. முழங்கால் மடங்காது. நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு கையுறையை வீசினார்.

கனெல் போய் எடுத்துவந்து உட்கார்ந்து கையில் வைத்தாள்.

"வேண்டாம், கொடுக்காத" என்றார். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. மறுபடி வீசினார், இந்தத் தடவை தானும் ஓடினார். விளையாட்டு எப்படி இருக்கும் என்று அவருக்குமே சரியாகத் தெரியாது. ஹெரிங் பீப்பாய்க்குப் பக்கத்தில் வளர்ந்தவர். பாறைப் பாசியில் கால் வழுக்கி, முகம் குப்புற ஈரச் சேற்றில் விழுந்தார். தொப்பி ஒரு பக்கம், கையுறை ஒரு பக்கம். எழுந்திருக்க முடியாமல் கிடந்தவருக்கு, பார்க்க ஒருத்தரும் இல்லை என்பதில் முதலில் நிம்மதி வந்தது. பார்த்துச் சிரிக்க ஒருத்தரும் இல்லையே என்று பிறகு தோன்றியது. அப்படியே கிடந்தார்.

கனெல் வந்து மூக்கால் அவர் காதை முட்டினாள். நகர்ந்து போனாள். தலையைத் திருப்பிப் பார்த்தபோது கையுறை அவள் வாயில். கொடு என்று கையை நீட்டினார். வரவில்லை. முன்னங்காலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, அந்த வெள்ளை வால் நுனியை ஒரே ஒரு தடவை ஆட்டினாள். பிறகு திருடிக்கொண்டு ஓடினாள். பிறந்ததிலிருந்து அவள் செய்த முதல் தப்பு அது. திட்டுவதற்கு ரெமிக்கு வாயில் வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.

அதற்கப்புறம் தினமும் ஓடினார்கள். ரெமி அவளோடு பேசவும் ஆரம்பித்தார். கப்பல் பலகை கதை, பதினொரு நாய்க் கதை எல்லாம் சொன்னார். பதினொரு நாய்க் கதையில் இப்போது மெலானியும் வந்தாள்.

அக்டோபர் இரண்டாவது வாரம் டாக்டர் விட்மோர் வந்தார். விடியற்காலையில் கல்லும் பாசியும் அடுக்கிய மறைப்புக்குப் பின்னால் இருவரும் படுத்தார்கள். முன்னூறு அடிக்கு அப்பால் முப்பது கறுப்பு வாத்துகள். ரெமி படுத்தபடியே சிவப்புக் கையுறையைச் சுழற்றி வீசினார். கனெல் பாய்ந்தாள். தூக்கிப் போட்டுப் பிடித்தாள், தன் வாலையே துரத்தினாள், மறைந்தாள், மறுபடி வந்தாள். ஒரு வாத்து கழுத்தை உயர்த்தியது. பிறகு மூன்று. பிறகு கூட்டம் முழுக்கத் திரும்பியது.

டாக்டர் துப்பாக்கியைத் தூக்கினார். ரெமி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. இன்னும் ரெண்டு வீச்சு."

இரண்டு வீச்சு ஆயிற்று. வாத்தின் கண் தெரிகிற தூரம். டாக்டர் சுட்டார். நான்கு விழுந்தன. "போ" என்றார் ரெமி. கனெல் குளிர்ந்த நீரில் இறங்கி, ஒவ்வொன்றாக, இறகு கசங்காமல் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"எந்தப் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டீங்க இதை?" என்று கேட்டார் டாக்டர்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு ரெமியிடம் அரைமணி நேரப் பதில் உண்டு. "ரெண்டு பேரா சேந்து பழக்கினது" என்றார். டாக்டர் அடுத்த ஆளைத் தேடிச் சுற்றிப் பார்த்தார்.

எழுபத்தைந்து டாலர் கைமாறியது. காரின் கதவைத் திறந்தபோது டாக்டர் தயங்கினார். "அந்தக் கையுறையும் வேணும். அஞ்சு டாலர் கூடத் தர்றேன்."

"அது விலைக்கு இல்ல."

கனெல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரெமி கையுறையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பது போலக் காட்டி, கார் உள்ளே வீசினார். அவள் ஒரே தாவலில் உள்ளே. டாக்டர் விளையாட்டாக அதைப் பிடித்து இழுத்தார். அவளும் விடாமல் இழுத்தாள். வண்டி கிளம்பியபோது கனெல் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அது நாயோட சாமான்" என்றார் ரெமி, புழுதியிடம்.

நேரே கடைக்குப் போய், எல்லாவற்றையும் ஒற்றை டாலர் தாள்களாக மாற்றித் தரச் சொன்னார். கடைக்காரர் பெட்டியைத் துழாவிக்கொண்டே முணுமுணுத்தார். "பத்து டாலர் தாளுக்கு என்ன கேடு?"

"சீக்கிரம் எண்ணி முடிஞ்சிடும்."

அன்று சனிக்கிழமை. அந்தக் கரையில் கனமான புகை. சட்டைப்பையில் நாய் இல்லாத வெற்றுக் கயிறு, இன்னொரு பையில் பணம். ரெமி பாலத்தைத் தாண்டினார். அடுப்படியில் ஃபிலியாஸ் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். ஒதீல் அடுப்பின் முன் நின்றாள்.

"வா மச்சான், உக்காரு" என்றார் ஃபிலியாஸ், நேற்றுத்தான் போனவரிடம் சொல்வது போல.

"கையை நீட்டு."

"முதல்ல உக்காரு."

"கணக்கு முடியாம உக்கார மாட்டேன்."

ஃபிலியாஸ் கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். "நான் என் தங்கச்சியைப் புதைச்சேன். அதுக்கு நீ யார்யா எனக்குக் காசு கொடுக்க?"

"நான் மட்டும் கொடுக்கல. நாய் வித்த காசு. எடுக்கச் சொல்லித்தந்தது நான், ஆடச் சொல்லித்தந்தது அவ. இதுல பாதி மெலானி சம்பாத்தியம். அவ கொடுத்தா வாங்கமாட்டியா?"

ஃபிலியாஸ் ஒதீலைப் பார்த்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூண்டுக் கயிறு இழுத்துத் தழும்பேறிய பெரிய கை ஒன்று மேசைக்கடியிலிருந்து மெல்ல வெளியே வந்து, சீட்டுகளின் மேலே மல்லாந்து விரிந்தது.

ரெமி நின்றபடியே எண்ணினார். ஒவ்வொரு தாளையும் வைத்துவிட்டு விரலால் ஒருமுறை அழுத்தினார். முப்பதில் கொஞ்சம் நின்றார். "இது வரைக்கும் அவளோடது" என்றார். பிறகு தன்னுடையதை எண்ணினார். ஒதீல் நான்கு பக்க மேசையில் மூன்று தட்டு வைத்து, அவருடைய பழைய நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான்காவது பக்கத்தில் சுவரோடு ஒட்டி இன்னொரு நாற்காலி அப்படியே நின்றது. ரெமி அதைப் பார்க்காமல் எண்ணினார்.

"அம்பத்தெட்டு. அம்பத்தொம்பது."

கடைசித் தாள் ஓரம் மடிந்திருந்தது. அதை நீவி விட்டு, ஃபிலியாஸின் உள்ளங்கையில் வைத்தார்.

"அறுபது."