தேவசேனாவின் ரேடியோவும் ஜாத்திரைத் திட்டும்

தேவசேனாவுக்கு ஒருவன் கெடுதல் செய்துவிட்டால் அதை மறக்கவே தெரியாது. "விட்டுத் தொலைம்மே" என்று புருஷன் முனிகிருஷ்ணன் சொன்னால் அவரையும் சேர்த்து முறைப்பாள். நகரி ஊரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். கத்திப் பேசியே பழக்கம். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்ததும் கங்கம்மா கோயில் பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தாள்.

அங்கே உட்கார்ந்துதான் அந்த ரேடியோ சாஃப்ட்வேரை எழுதினாள். கடை கம்ப்யூட்டரில் திறந்தால் போதும், தமிழ், தெலுங்கு இணைய வானொலிகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு தட்டு தட்டினால் பாட்டு. நெட் போய்த் திரும்பி வந்தால் தானாகவே மறுபடி பாடும். அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'உருவாக்கியவர் தேவசேனா' என்று இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவாள்.

அந்த வரியைத்தான் சுதீர் அழித்தான். அவளிடமே வேலை கற்றுக்கொண்டு, அவள் வீட்டுச் சோற்றையே தின்றுவிட்டு, எல்லாவற்றையும் பென்டிரைவில் வழித்துக்கொண்டு போனான். நிறத்தை மாற்றி, 'சுதீர் ரேடியோ' என்று பேர் வைத்துக் கடைகடையாக விற்றான். கேட்கப் போனவளை நாலு பேர் முன்னால் சிரித்தே விரட்டினான்.

"நீ எங்கக்கா சாஃப்ட்வேர் எழுதின? டைப் அடிச்சிக்கினு இருந்தவதானே?"

இவனைச் சந்தி சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

திருடன் சோம்பேறியாகவும் இருந்ததுதான் அவளுக்கு வசதி. எந்தெந்த வானொலி என்கிற பட்டியலை அந்த சாஃப்ட்வேர் தேவசேனாவின் இணையதளத்திலிருந்துதான் அடிக்கடி எடுத்துக்கொள்ளும். ஓடுகிறதை எதற்குத் தொடுவானேன் என்று சுதீர் அதை மாற்றாமலே விட்டிருந்தான். அவள் மூச்சு விடவில்லை. தன் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் பட்டியலை எடுக்கப் புது இணைய முகவரி போட்டுக் கொடுத்தாள். பழைய முகவரியை நம்பிக்கொண்டிருந்தது சுதீரின் திருட்டுச் சரக்கு மட்டும்தான். பிறகு ஊர் அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரைக்காகக் காத்திருந்தாள்.

ஜாத்திரையில் வேஷம் கட்டியவர்கள் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டு வாங்கியவன் கோபப்படக் கூடாது. அம்மன் கொடுத்ததாக நினைத்துக் கும்பிட்டுக்கொள்ள வேண்டும். ஜாத்திரை அன்று பகல் தெரு நிறைய ஜனம். கடை வாசல்களில் எல்லாம் சுதீர் ரேடியோவில் அம்மன் பாட்டு. சுதீர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கடைக்காரர்களிடம் பெருமையடித்துத் திரிந்தான்.

தேவசேனா முகமெல்லாம் குங்குமம் அப்பி, கழுத்தில் வேப்பிலை கட்டிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். பழைய முகவரியின் பட்டியலில் இருந்த வானொலிகள் அத்தனையையும் தன் மைக்குக்குத் திருப்பிவிட்டாள்.

"டேய் சுதீரு! சோறு போட்ட வூட்லயே கன்னம் வெச்ச திருட்டு நாயே! அடுத்தவ எழுதினத தூக்கிக்கினு போயி உன் பேரப் போட்டுக்கினியே, வெக்கமா இல்ல? உன் மூஞ்சில சாணியக் கரைச்சி ஊத்த!"

தெரு முழுக்க ஒரே குரல். சுதீர் ஒரு கடையில் வேறு வானொலியைத் தட்டினான், அதிலும் அவள்தான். அவன் பல்லைக் கடித்ததைப் பார்த்துவிட்டு லாட்ஜ்காரர் வீராசாமி அதட்டினார்.

"கோவப்படக் கூடாதுப்பா. ஜாத்திரைத் திட்டு. கும்புட்டுக்கோ."

நடுத்தெருவில் கும்பிட்டான். கும்பிட்ட கையோடு சென்டருக்கு ஓடிவந்தான். அவனைப் பார்த்ததும் தேவசேனா மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அணைக்கவில்லை.

"அக்கா, போதுங்கா. மானம் போவுது."

"யாருடா எழுதினது அத?"

"நீதாங்கா. நான் திருடிக்கினு போயிட்டேன். போதுமா?"

இணைய வானொலியில் பேசுவது கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். சுதீர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் எதிர் லாட்ஜ் வாசலிலிருந்து அவன் குரலே பெரிதாக ஒலித்தது: "நான் திருடிக்கினு போயிட்டேன். போதுமா?"

தெருவே கொல்லென்று சிரித்தது.

"போதாதுடா" என்றாள் தேவசேனா, மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு.