ஃப்ளெக்ஸில் கிடைத்த லைசென்ஸ்

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பா மறைந்து ஓராண்டாகிறது. உறவினர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பார்கள். ஆனாலும் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சித்தப்பா கும்மிடிப்பூண்டிப் பக்கம் பிறந்து, மணவாள நகரில் வளர்ந்தவர். பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மார்க். மோப்பம் பிடித்து வீட்டுக்கே வந்தார் ஒரு விமானப் பராமரிப்புப் பயிற்சிக் கல்லூரியின் முதலாளி.

"ரெண்டே வருஷம் சார். தம்பி கையில லைசென்ஸ் இருக்கும்."

சேர்ந்த வாரமே நம் சொந்தக்காரர்கள் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டையோடு சித்தப்பா. கீழே 'எங்கள் விமான இன்ஜினியரே வருக!' ஒரு நட்டைக்கூடத் திருகாதவருக்கு வரவேற்பு! காதுகுத்துக்கும் அட்மிஷனுக்கும் ஒரே சைஸில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற ஜனம் நாம்.

அந்தக் கல்லூரியில் இருந்தது ஒரே விமானம். அதிலும் இன்ஜின் கிடையாது. பெற்றோர் வரும் நாளில் மாணவர்கள் அதைக் கழுவித் துடைக்க வேண்டும். இதுதான் அவர்கள் கொடுத்த பயிற்சி.

இரண்டு வருடம் முடிந்ததும் சித்தப்பா முதலாளியிடம் போய்க் கேட்டார். "லைசென்ஸ் இன்னா சார் ஆச்சு?"

"அது கவர்மென்ட்டு குடுக்கறதுப்பா. பரிட்சை எழுதினு, ஹேங்கர்ல வேலை செஞ்சி நீதான் வாங்கணும். நாங்க சர்டிபிகேட்டு குடுத்துட்டோமே!"

இதைச் சேரும்போதே சொல்ல அந்த மனிதருக்கு வாய் இல்லையா?

சித்தப்பா தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தாளாக எழுதிப் பாஸ் செய்தார். பிறகு சென்னையில், விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

டீக்கடையில் கிண்டல் ஓயவில்லை. "இன்னா இன்ஜினியரு, ஏரோபிளேன எங்க நிறுத்திக்கினு வந்த?"

"பறக்கலாம்னு கையெழுத்து போடறவன்தாண்ணா இன்ஜினியரு. நான் இன்னும் எல்ப்பரு" என்பார் சித்தப்பா.

லைசென்சுக்கு வேண்டிய அனுபவம் முடியச் சில மாதங்களே இருந்தபோது, காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள், பஸ் ஸ்டாப்பில் அந்தக் கல்லூரியின் புது ஃப்ளெக்ஸ். அதே பழைய வெள்ளைச் சட்டைப் படம். 'எங்கள் மாணவர், லைசென்ஸ் பெற்ற விமான இன்ஜினியருக்குக் கண்ணீர் அஞ்சலி. அட்மிஷன் நடைபெறுகிறது.' இருந்தவரை கிடைக்காத லைசென்சை, செத்தபிறகு இவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

நேரில் போய்க் கேட்டேன். "பெருமைதானே சார்! உங்ககிட்ட டப்பு கேட்டமா?" என்றார் முதலாளி. காறித் துப்பத் தோன்றியது. அதற்கும் அந்த ஆள் தகுதியில்லை என்று திரும்பிவிட்டேன்.

நாளை நீங்கள் இதே படிப்பைக் கேட்டால் தடுக்க மாட்டேன். படிப்பு பொய்யில்லை, விற்றவன்தான் பொய். முதலில் ஹேங்கரில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள். ஃப்ளெக்ஸைப் பார்த்துப் போகாதீர்கள்.

சித்தப்பாவைப் பக்கத்தில் நிறுத்தி வேலை கற்றுக்கொடுத்த ஹேங்கர் சீனியருக்கும், ஆஸ்பத்திரியில் உடனிருந்த ஷிப்டு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. வேறு யாருக்கும் நன்றி சொல்வதற்கில்லை.

முதலாளியைப் பார்த்துத் திரும்பிய மறுநாள் விடியற்காலை, பஸ் வருமுன் நான் மட்டும் ஸ்டாப்புக்குப் போனேன். ஸ்டூல் போட்டு ஏறி, பிளேடால் என் தம்பியின் முகத்தை மட்டும் அறுத்தெடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டையையும் தங்கப் பட்டையையும் லைசென்சையும் அவர்களுக்கே விட்டுவிட்டு வந்தேன்.