சல்வீனியாக் குளத்து வண்டுகள்

மெரிலேண்ட்ஸ் பக்கம் ஒரு குளத்தை மூடிக் கிடந்த சல்வீனியாக் களைக்கு மருந்தடிக்கப் போயிருந்தேன். களையைத் தின்பதற்காகக் கோடையில் வண்டுகளை விட்ட ஆய்வாளர், நரை விழுந்த ஒரு தமிழ்ப் பெண், முழங்காலளவு தண்ணீரில் நின்றார். முதல்நாள் இரவு கடும் உறைபனி.

“கொஞ்சம் பொறுங்கோ, தம்பி. வண்டு உயிரோட இருந்தா மருந்து வேண்டாம். இதுகளே பெருகித் தின்னும்.”

ஒவ்வொரு வண்டாக உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடேற்றினார். எதுவும் அசையவில்லை. அவருடைய விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

“காணும் அக்கா, வெளியில வாங்கோ” என்றேன்.

அவர் கேட்கவில்லை. நீருக்கடியில் கைவிட்டு, களையின் ஒரு மொட்டைப் பிரித்தார். உள்ளே ஒடுங்கியிருந்த வண்டு, மூச்சுப் பட்டதும் காலை நீட்டியது.

“இருக்குது” என்றார் மெல்ல.

நான் மருந்துக் குழாயைச் சுருட்டினேன். கரையேறிய பிறகுதான் அவருக்கு நடுக்கம் தொடங்கியது. கடுகளவு உயிருக்காக ஒருவர் அப்படி நிற்பாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.