மரியாயி நூல் பிடித்த பாலம்

"கஹவத்த பக்கம் ஏதோ தோட்டத்துல பாலம் உழுந்துட்டாம், ரோஷானி. ஊர்ல எங்க நஸீம் நானா பஸ்ஸுல கேட்டாராம். சேர்ச் திருநாளுக்குச் சனம் போன நேரமாம்" என்றாள் பஸ்லியா. இலங்கையில் பெல்மதுளைக்காரி. தோஹாவில் இருவருக்கும் ஒரே அலுவலகம்.

"எந்தத் தோட்டம்?"

"அவருக்குச் சொன்ன ஆளுக்கே தெரியாதாம்."

ரோஷானியின் தோட்டமும் கஹவத்த பக்கம்தான். இன்றைக்கு அங்கே அந்தோனியார் திருநாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கோயிலுக்குப் போக ஓடைப் பாலத்தை விட்டால் வேறு பாதை கிடையாது. அம்மாவின் நம்பரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது.

அம்மா மரியாயி முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டினவள். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தொரை காலத்தில் போட்ட இரண்டு தண்டவாளக் கம்பிகள், மேலே பலகை; அதுதான் பாலம். பதினோரு மணிக்குப் பெண்கள் பால் வாளிகளோடு அதில் ஏறித்தான் பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போவார்கள். ஒருநாள் எல்லோரும் ஒன்றாய் ஏற, பாலம் குலுங்கி நாலு வாளிப் பால் ஓடையில் போய்விட்டது. கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசினார். மறுநாளே மரியாயி கம்பியின் நடுவில் நூல் கட்டி ஒரு கல்லைத் தொங்கவிட்டாள். ஓடையில் ஒரு முளை அடித்து, கல் நிற்கும் மட்டத்தில் கத்தியால் கீறி வைத்தாள். ஆள் ஏற ஏறக் கல் கீறலை விட்டு எவ்வளவு இறங்குகிறதென்று பார்த்தாள்; அன்றிலிருந்து ஒரு தடவைக்கு ஐந்து பேர்தான்.

"ஏண்டி மூக்காயி, நடுவுல நின்னு வெத்தல போடாத!"

"நான் என்ன ஆனையா?"

"ஆனையா இருந்தாலும் ஓரத்துல நில்லு, பாதிப் பாரத்த கரை வாங்கிக்கும். நடுவுல நின்னா கம்பியில்ல வளையுது? உன் வாய்க்கு வேற தனியா ஒரு பாலம் போடணும்!"

ஓடை முழுக்கச் சிரிப்பு உருளும். "காலச் சேத்து வைக்காதீங்கடி, ஆடும்!" என்று மரியாயி பின்னாலேயே கத்துவாள்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ரோஷானியும் கூடப் போவாள். கடைசி வாளி இறங்கியதும் பலகை உள்ளங்காலை மெல்ல மேலே தூக்கும். அந்தக் கூச்சத்துக்காகவே ஓரத்தில் நிற்பாள். கல் கீறலுக்குத் திரும்பியதைப் பார்த்து "வந்திருச்சு" என்று சொன்ன பிறகுதான் மரியாயி தன் வாளியைத் தூக்குவாள்.

பின்னாளில் இரத்தினபுரியில், இங்கிலீஷில் நடந்த வகுப்பொன்றில், விரிவுரையாளர் பாரம் தாங்கும் விட்டம் ஒன்றை வரைந்தார். வளைக்கும் பாரம் அதற்குள் சக்தியாய்ச் சேருகிறது, பாரம் இறங்கினால் அதைத் திருப்பித் தந்து நிமிர்கிறது. எல்லை தாண்டிவிட்டால் முழுதாய் நிமிராது என்றார். ரோஷானிக்கு உள்ளங்கால் கூசியது. சிரித்து, ஏச்சும் வாங்கினாள்.

"அம்மா, நீ கல்லு கட்டிப் பாக்குறதுக்கு எங்க காலேஜுல பேரு வச்சிருக்காங்க."

"வச்சாங்களா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?"

போன மாதம் அம்மா போனில் கூப்பிட்டபோது அந்தச் சிரிப்பு இல்லை. "திருநாளுக்கு பாலத்துல பலகைக்கு மேலயே நாலு இஞ்சு கொங்கிரீட் போடுறாங்களாம். மேசன்கிட்ட சிங்களத்துலயே 'பாஸுன்னெஹே, பர வெடி நேத?'ன்னு கேட்டேன். பாரம் கூடிப் போகாதான்னு கேட்டா அந்தாளு சிரிக்கிறாரு. நீ படிச்சவ, சொல்லு."

ரோஷானியின் மேசையில் அன்றைக்கே முடிக்க வேண்டிய வரைபடம் இருந்தது. "கொங்கிரீட்டுன்னா பலந்தானேம்மா" என்றாள்.

அதோடு மரியாயி வாயை மூடிக்கொண்டாள். கோயில் கமிட்டியில், "எம் மகளே சொல்லிட்டா, போடுங்க" என்றாளாம். கொங்கிரீட் காய்ந்த பிறகு ஒரு தடவை மட்டும், "கல்லு ரெண்டு வெரல் எறங்கிருச்சு. ஆளே இல்லாதப்பவும் மேல வரல்ல" என்றாள்.

"நூல் நனைஞ்சு நீண்டிருக்கும்மா."

"இருக்கும், இருக்கும். நீ சொன்னா சரிதான்."

இப்போதுதான் ரோஷானி கணக்குப் போட்டாள். இருபதடி நீளம், நாலடி அகலம், நாலு அங்குலம் கனம். ஏறக்குறைய இரண்டு தொன். கம்பியோடு ஒட்டாமல் மேலே சும்மா கிடக்கிற கொங்கிரீட் எதையும் தாங்காது. முப்பது பேர் ஏறி, இறங்கவே இறங்காமல் நிற்கிற மாதிரி. அதற்கு மேல் இன்றைக்கு அந்தோனியார் சுரூபம், அதைத் தூக்கி வருபவர்கள், பின்னால் வரும் சனம். ஐந்து பேர்தான் என்று தடுக்க அம்மா இன்றைக்கு வாய் திறந்திருப்பாளா? மகள் சொல்லிவிட்டாள் என்று முதல் ஆளாய் ஏறியிருப்பாளா?

தம்பி லோரன்ஸின் போன் அணைந்து கிடந்தது. திரும்ப அம்மாவையே அழைத்தாள்.

"எடுத்தாங்களா?" என்றாள் பஸ்லியா.

விழுந்தது வேறு தோட்டத்துப் பாலமாயிருந்தால் இன்னும் நேரமிருக்கிறது; நான் சொன்னது பிழைம்மா, அதில் ஏறாதே என்று சொல்வதற்கு ரோஷானி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.