திறந்த காருக்கு அப்பா கட்டிய கூரை

மரத்தூளும் எனாமல் பெயின்டும் கலந்த வாசனை... அது தொண்டையில் போய் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் வீட்டுச் சோற்றில்கூட லேசாக அடிக்கும். எனக்கு அது பிடிக்கும்.

என் கல்யாணம் நெருங்கிய சமயத்தில், அந்த வாசனைக்கு நடுவே ஒரு சீமைக் கார் வந்து நின்றது.

மாமனார் வீட்டுக் கார். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. ஏற்காட்டில் காபி எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றதை, இவர்கள் தாத்தா வாங்கியிருந்தார். நீ...ளமான மூக்கு, பெரிய பெரிய விளக்கு. மேலே கூரையே கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணி, அதுவும் கிழிந்து கிடந்தது. அந்த வீட்டுப் பையன்கள் கல்யாண ஊர்வலம் போவது இந்தத் திறந்த காரில்தான். ஊரே பார்க்கும். அது அவர்களுக்குப் பெருமை.

கார் ஓடியது, ஆனால் கதவு மூடவில்லை. தகட்டுக்கு உள்ளே இருந்த மரச்சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. மாமனார் அப்பாவிடம் விவரம் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கம்பெனிக்காரன் இன்ஜினும் சேஸிஸும் மட்டும்தான் கொடுப்பானாம். பாடியை வேறொரு பட்டறையில், வாங்குகிறவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்வார்களாம்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"அட, சீமையிலயும் நம்ம பொழப்புத்தானுங்களா! எங்கிட்ட உடுங்க சம்பந்தி, நான் பாத்துக்கறேன்."

அதுதான் வினை.

அதற்கப்புறம் பட்டறையில் வேறு வேலையே எடுக்கவில்லை. என்னையும் கிட்டே விடவில்லை. "கல்யாணத்துல பாரு சாமி" என்று சிரிப்பார்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயந்திரம் மண்டபத்து மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். முதலில் மேளம் வந்தது. பின்னால் கார்.

திறந்த கார் இல்லை...

மேலே கூரை இருந்தது! லாரி கேபினுக்குப் போடுகிற மாதிரி கெட்டியான தகரக் கூரை. அதன் நெற்றியில் ஒரு பலகை. ஆரஞ்சிலும் பச்சையிலும் பூ வரைந்து, நடுவில் 'சுமதி' என்று என் பெயர். லாரி நெற்றியில் பெற்ற பிள்ளையின் பெயரை எழுதுவது எங்கள் ஊர் வழக்கம். கூரையில்லாத காரில் எழுத இடமில்லையே என்று, கூரையையே கட்டிவிட்டார் மனுஷன். பின்பக்கம் லாரிக்கு எழுதுகிற மாதிரி 'சவுண்ட் ஹாரன்' என்ற எழுத்து வேறு.

பட்டறையிலிருந்து கார் நேராக ஊர்வலம் கிளம்பும் கோயிலுக்குப் போனதால் மாப்பிள்ளை வீட்டாரும் அங்கேதான் பார்த்திருக்கிறார்கள். என்ன செய்வார்கள்? ஏறி உட்கார்ந்துவிட்டார் மாப்பிள்ளை. கூரைக்கடியில் இருட்டுக்குள் அவர் கழுத்து மாலை மட்டும் தெரிந்தது.

"மாப்பிள்ளையக் காணோம், லோடு ஏத்தியாச்சாடா?" என்று எவனோ கத்தினான். தெருவே சிரித்தது.

காருக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு வந்த அப்பா, அதைச் சந்தோஷச் சிரிப்பு என்றே நினைத்தார். மாமனாரிடம் போய், "மாப்பிள்ள வெயில்ல காயக் கூடாது பாருங்க, கெட்டியாப் போட்டுட்டனுங்க" என்றார்.

"ரொம்ப சந்தோஷமுங்க" என்று சொல்லிவிட்டு, மாமனார் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

அப்போதுதான் அப்பாவின் முகம் மாறியது. நான் அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. மணவறையில் நிமிரவே இல்லை. பொண்ணுக்கு என்ன அடக்கம் என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள்!

புகுந்த வீட்டில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆறியிருப்பேன். காரை ஷெட்டில் விட்டு, படுதா போட்டு மூடிவிட்டார்கள். அப்பா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஷெட் இருக்கும் பக்கமே வராமல், சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார். இதையெல்லாம் தோழிகளிடம் தமாஷாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன், போன மாதம் வரைக்கும்.

போன மாதம் சேலத்தில் பழைய கார் கண்காட்சி. என் கணவர் கோயம்புத்தூர் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து அந்தக் காரைச் சரிசெய்திருந்தார். கூரை போய்விட்டது. கருநீலத்தில் மின்னியது. பொய் சொல்லக் கூடாது... அப்படியொரு அழகு.

"நானும் வாரேன் சாமி" என்று அப்பாவும் வந்தார். இப்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

காரைச் சுற்றிக் கூட்டம். மெக்கானிக்குக்கு அப்பா யாரென்று தெரியாது. பாவம், அவர்மேல் தப்பில்லை.

"இது எங்கைக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுங்களா? எவனோ லாரிப் பட்டறைக்காரன் மேல தகரத்தப் போட்டு, காரைக் கொலை பண்ணி வெச்சிருந்தானுங்க!"

போனில் பழைய போட்டோவைக் காட்டினார். கை மாறிக் கை மாறி, எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் போன் அப்பா கைக்கு வந்தது.

என் கணவர் தரையைப் பார்த்தார். அது எங்கப்பா கட்டுனது தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் தெரிந்த முகங்கள்... வார்த்தை வரவில்லை.

அப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"எவனோ வெவரங்கெட்டவனுங்க" என்றார்.

"ஐயா, நீங்க யாருங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார் அப்பா.

"சும்மா, வேடிக்க பாக்க வந்தனுங்க."

சொல்லிவிட்டு, தடுமாறிக்கொண்டே தனியாக வாசலைப் பார்த்து நடந்தார்.

அன்றைக்காவது நான் சின்னப் பெண். மாடியில் நின்றிருந்தேன், கீழே நடந்ததற்கு என்ன செய்திருக்க முடியும் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது பேரன் எடுக்கிற வயசு. அவர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன்.