எனக்கு முன் தாலி கட்டிக்கொண்ட எருக்கு

அறுபதுகளின் கடைசியில் சின்ன காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஊர் கண்ணுக்கு நான் மூன்றாந்தாரம், சடங்குப்படி நான்காவது. அவருடைய முதல் இரண்டு மனைவிகளும் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவர்கள். மூன்றாவதாக வருகிறவளும் தங்கமாட்டாள் என்று பெரியவர்களுக்குப் பயம். அதனால் என் கழுத்தில் கட்டுவதற்கு முந்திய நாள், செவிலிமேட்டில் பாலாற்றங்கரையில் நின்ற ஓர் எருக்கஞ்செடிக்கு அவரைத் தாலி கட்ட வைத்தார்கள். கட்டிய கையோடு அதை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். எனக்கு வரவேண்டிய சாவை அது வாங்கிக்கொள்ளுமாம். கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அடுத்த பங்குனியில் நான் ஏழு மாதம். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஒரு காலையில் தறிக்கு ஏற்றவேண்டிய பட்டுப் பாவின் இழைகளைத் தெருவில் நீளமாக நீட்டிக் கஞ்சி போட்டிருந்தோம். தெற்கேயிருந்து காற்று எழுந்தது. அதோடு வெள்ளை வெள்ளையாக எருக்கம்பஞ்சு மிதந்து வந்தது. தெருவில் நாலு வீட்டுப் பாவு கிடந்தது. எங்கள் பாவில் மட்டும் இறங்கியது. ஒவ்வொரு பஞ்சின் அடியிலும் தட்டையாக ஒரு பழுப்பு விதை. ஈர இழையில் மோதியதும் விதை கழன்று விழுந்தது. பஞ்சு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. ஒன்று என் வயிற்றின்மேல் வந்து உட்கார்ந்தது. தட்டிவிட்டேன். திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

தெற்கே இருப்பது செவிலிமேடு.

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பாவுக்கு அந்தப் பக்கம் நின்று பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகமும் சரியில்லை.

"அண்ணி, அன்னிக்கு அந்தச் செடியை வெட்டினீங்கதானே?"

"நான்தாம்மா கத்தி எடுத்துக்கினு போனேன். என் தம்பிதான், 'நீ போக்கா, நான் வெட்டிட்டு வரேன்'னு வாங்கிக்கினான்."

பாவின் கோடியில் நின்ற என் கணவர் தலை நிமிரவே இல்லை.

அன்று மத்தியானமே கொடுவாளை எடுத்துக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு நடந்தேன். செடி நின்றது. என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அடித்தண்டில் மஞ்சள் கயிறு. தண்டு பருத்து அதைப் பாதி விழுங்கியிருந்தது. காய்கள் வெடித்திருந்தன. உள்ளே மீன் செதில்போல அடுக்கியிருந்த விதைகளைக் காற்று ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தது. எல்லாமே வடக்கே, எங்கள் வீட்டுத் திசையில் போயின.

"ஏன் வெட்டலை?"

அவர் குனிந்து அந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டார். "ரெண்டு பேருக்கு இந்தக் கையாலதான் கொள்ளி வச்சேன். தாலி கட்டின கையாலயே இதையும் வெட்ட மனசு வரலை."

"அப்போ நான் செத்தா பரவாயில்லையா?"

ஆத்திரமும் அழுகையுமாகக் கத்தினேன். அவர் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைதான் எனக்குச் சாவைவிடப் பயமாக இருந்தது.

நானே வெட்டினேன். பால் பீய்ச்சி என் வளையல் வரை வழிந்தது. செடி சாய்ந்தபோது காய்கள் அத்தனையும் உதறிக்கொண்டன. பஞ்சு கூட்டமாக எழுந்து, என் தலைக்குமேல் சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு ஊர்ப்பக்கம் நகர்ந்தது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நானும் பிழைத்தேன். ஐப்பசி மழை விட்டதும் தறிக்குழி ஓரத்தில், அவர் கால் வைக்கிற இடத்தில், இரண்டு இலையோடு ஓர் எருக்கு நின்றது. கிள்ளி எறிந்தேன். எழுபதுகள் முழுக்க வருஷா வருஷம் கிள்ளி எறிந்தேன்.

பங்குனி வந்தால் பாவில் பஞ்சு ஒட்டும். அண்ணி வழித்து எறிவார். என் கணவர் மட்டும் இரண்டு விரலால், அதற்கு வலிக்கும் என்பதுபோல எடுத்து, ஊதிப் பறக்கவிடுவார். என் தலையில் ஒட்டியதை அவர் ஒருநாளும் எடுத்துவிட்டதில்லை.